பேனரில் மிஞ்சிய விரல்கள்

அய்யா, நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. முதல் காரியமாக அவன் ஆத்தாளுக்கு ஒரு ஜோடிக் கல்தோடு வாங்கிக் கொடுத்துவிட்டிருக்கிறான். அவன் தங்கச்சி திருச்சியில் நர்சு வேலையில் சேர்ந்து, ஆபரேசன் அறைக்குள்ளேயே நிற்கிற அளவுக்கு வந்துவிட்டாள். டாக்டரே அவளைக் கேட்டுத்தான் கத்தியை எடுக்கிறார் என்று உன் அக்கா சொல்கிறாள். அதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொள். உன் மகள் கயல் கபடியில் மாவட்டத்திலேயே ஜெயித்து, முழங்கை முழுக்கச் சிராய்ப்போடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சின்னவன் பள்ளிக்கூட விழாவில் பேசப் போய், பேச்சை மறந்து, மறந்துபோன கதையையே எல்லாரும் சிரிக்கும்படி சொல்லிப் பரிசு வாங்கிவிட்டான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என் பேரப்பிள்ளைகள் இப்படி ஆகியிருக்கிறார்கள் என்றால் என் வாய் எப்படிச் சும்மா இருக்கும்? ரேஷன் கடை வரிசையில், அறந்தாங்கி பஸ்ஸில், கோயில் வாசலில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கடைசியில் உன்னைச் சொல்வேன். "எம்புள்ள உலகத்துக்கே காவல் நின்னுட்டு வந்தவன்" என்று முடிப்பேன். இப்போது உன்னிடம் வரும்போது நிறுத்திக்கொள்கிறேன். கேட்பவர்கள் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் செல்வி அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னாள், "அத்தை, அவரு மறுபடியும் பேரு குடுத்துட்டாராம். அதே நாட்டுக்கு. லிஸ்டு வந்ததும் கெளம்பணுமாம்." சொல்லிவிட்டு, சோறு பொங்கி வழிவதைப் பார்த்தும் அடுப்பைக் குறைக்காமல் நின்றாள். உன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. ஆட்டுக் கொட்டகைப் பக்கம் நீ என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் பட்டாள முகாமுக்குக் கிளம்பிப் போனதிலிருந்து என் போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும், "டூட்டில இருக்கேன் ஆத்தா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. பிரித்துவிட்டால் படித்துத்தான் ஆகவேண்டும். அதனால்தான் கயலிடம் கோடு போட்ட தாள்கள் கொஞ்சம் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ கப்பல் ஏறினாலும் விமானம் ஏறினாலும் என் மேல் கோபத்தோடு ஏறக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். உன்னைப் போகாதே என்று சொல்ல நான் எழுதவில்லை.

நீ பட்டாளத்தில் சேர்ந்தபோதே ஊரில் பாதிப் பேருக்கு அது விளங்கவில்லை. வருசத்தில் கொஞ்ச காலம் துப்பாக்கி, மிச்ச காலம் அறந்தாங்கியில் உன் வெல்டிங் பட்டறை. நிரந்தரப் பட்டாளக்காரர்களுக்குத் துணையாக, தேவைப்படும்போது கூப்பிடும் படை என்று நீ எத்தனையோ தடவை விளக்கினாய். டீக்கடையில் உன்னைக் கண்டால், "பார்ட் டைம் மிலிட்டரி இங்க இருக்காரு, அப்ப பார்டர யாருப்பா பாத்துக்கிறது" என்பார்கள். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "இந்த மாசம் ஒங்க மாமியார நிப்பாட்டியிருக்கு, ஒருத்தன் வரமாட்டான்" என்று சொன்னாயாம். அந்தப் பேச்சு என் காதுக்கு வர ஒரு நாள் ஆகவில்லை. நீ அப்படிப் பேசிக்கொண்டிருந்தவன். துபாய்க் காசிலும் குவைத் காசிலும் எழும்பிய வீடுகளில் பாதிக்கு நீ செய்த இரும்புக் கேட்டுத்தான். மயில் வைத்தது, தாமரை வைத்தது, சூரியன் வைத்தது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அவற்றைக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்தவர்களைத் தூங்கவிடாமல் செய்வேன். பிறகு ஐ.நா. சபையின் நீலத் தொப்பி கொடுத்து உன்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டின் பெயர் என் வாயில் நுழையாது. அங்கே சண்டைக்குப் பயந்து ஓடி வரும் சனங்களுக்காகக் கம்பிவேலி போட்ட முகாம் இருக்கிறது என்றும், அதற்குக் காவல் நிற்பதுதான் வேலை என்றும் சொன்னாய். சுடுவது அல்ல, நிற்பதுதான் வேலை என்று நீ சொன்னதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நிற்பதில் என்ன கஷ்டம் இருந்துவிடப்போகிறது என்று நினைத்தவள் நான்.

நீ திரும்பி வரும் சேதி தெரிந்ததும் நாங்கள் செய்ததை இப்போது ஒழுங்காகச் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பேனர் வைக்கும் ஊர் இது. உலகத்தைக் காத்துவிட்டு வருகிறவனுக்கு வைக்காமல் இருப்போமா? நீ அங்கிருந்து செல்வியின் போனுக்கு அனுப்பிய ஒரு படத்தைக் கடையில் கொடுத்தோம். உன் உயரத்துக்கு ரெண்டு மடங்காக அடிக்கச் சொன்னேன். "உலக அமைதியின் காவலரே வருக வருக" என்று எழுதி, மேலே உலக உருண்டை, பக்கத்தில் வெள்ளைப் புறா, கீழே வரிசையாக எங்கள் தலைகள். என் தலை ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது. போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஊர் விலக்கில் கட்டினோம். நீ வேனிலிருந்து இறங்கினாய். மேளக்காரர் அடித்தார், உன் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். நீ அவளைத் தாண்டிப் போய் அந்தப் பேனருக்கு முன்னால் நின்றாய். வெகு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாய். ஆரத்திச் சூடம் அணைந்துபோய், மறுபடி கொளுத்தினார்கள். பிள்ளைக்குப் பெருமையில் பேச்சு வரவில்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். செல்வியிடம் நீ ஒன்றே ஒன்று கேட்டாயாம்: "இதை எந்தக் கடையில அடிச்சீங்க?"

அதற்குப் பிறகு சில மாதங்கள் நீ வீட்டில் இருந்தாய். நீ கத்தவில்லை, குடிக்கவில்லை, பிள்ளைகளை அடிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டாய். பட்டறைக்குப் போனாய். ஆனால் கேட்டு வேலை வந்தால் மட்டும் திருப்பி அனுப்பினாய். கட்டில் செய்தாய், மாட்டுக்குத் தீவனத் தொட்டி செய்தாய், கோயிலுக்கு விளக்குத் தூண் செய்தாய். "கேட்டு செய்யிற ஆளு வேற கடையப் பாத்துக்கங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவாயாம். நம் வீட்டுக் கேட்டைப் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனவன், திரும்பக் கொண்டுவரவில்லை. நாய் வந்தது, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி வந்து என் செம்பருத்தியைத் தின்றது. நான் கண்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அத்தனை பெரிய பேனரில் ஊர்க்கண் முழுக்க உன் மேல் விழுந்திருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டேன், அய்யனார் கோயில் திருநீறு கொண்டுவந்து பூசினேன். நீ நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாய். திருநீறு பூசும்போது உன் கண் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே கேட்டு இல்லாத வாசல் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

மழைக்கு முன்னால் அந்தப் பேனரை இறக்கினார்கள். கெட்டியான பேனர், வீணாக்கக்கூடாது என்று நான்தான் ஆட்டுக் கொட்டகை மேல் விரித்துக் கட்டினேன். உன் முகம் மேல் பக்கம் வரும்படிதான் கட்டினேன். கூரைச் சரிவில் அது வாசலைப் பார்த்தபடி இருந்தது. கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் சகாயத்தை உனக்குத் தெரியும். சின்ன வயதில் அக்கரையிலிருந்து படகில் வந்தவள், இத்தனை வருசமாக அகதி முகாமில் இருப்பவள். ஒரு காலையில் அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்தப் பேனரைப் பார்த்தாள். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன், உலகம், காவல், அமைதிப்படை என்று. அந்தச் சொல் வந்ததும் அவள் முகம் மாறியது. அந்தப் பெயரில் நம் பட்டாளம் போய் இறங்கிய அவள் கரையில் அந்தச் சொல்லுக்கு வேறு பழைய நினைவுகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. மீனைக் கழுவிக்கொண்டே மெல்லக் கேட்டாள், "ஆரைக் காவல் காத்தவர் அம்மா? இதில ஒரு சனத்தையும் காணேல்லையே." நானும் பேனரைப் பார்த்தேன். உலக உருண்டை இருந்தது, புறா இருந்தது, நாங்கள் எல்லாம் இருந்தோம். அவள் கொட்டகை அருகே போய், கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "இது ஆற்றை விரல்?" என்றாள், யாருடைய விரல் என்று.

உன் இடது கைச் சட்டையில், முழங்கைக்கு மேலே, நான்கு கறுப்புக் கோடுகள் இருந்தன. அதுவரை அதை நான் சட்டை மடிப்பு என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றும் வெண்டைக்காய் அளவுக்குப் பெரிதாக அச்சாகியிருந்தது. ஒன்றின் நுனியில் நகம் தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு சின்னப் பிள்ளை உன் சட்டையைப் பிடித்திருக்கிறது. பிள்ளை இல்லை, கை இல்லை, விரல் மட்டும் இருக்கிறது. விரலுக்குப் பின்னால் நீல வானமும் புறாவும். சகாயம் காசைக்கூட வாங்கிக்கொள்ள மறந்து போய்விட்டாள்.

அன்று மத்தியானம் நீ சாப்பிட வந்தபோது உன்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டினேன். "இது யாருய்யா?" என்று கேட்டேன். ஆட்டுக்குட்டி உன் காலை முட்டிக்கொண்டிருந்தது. நீ அதைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேனரைப் பார்க்காமலே சொன்னாய். ஒரு பொம்பளை தினமும் அடுப்புக்கரி மூட்டையோடு முகாம் வேலிக்கு வெளியே வந்து உட்காருவாள் என்றும், அவளோடு ஒரு பெண்பிள்ளை வரும் என்றும், நீ அதற்கு பிஸ்கட் கொடுத்து நம் பேச்சில் ஒரு சொல் கற்றுக்கொடுத்தாய் என்றும் சொன்னாய். நீ டூட்டி மாறி வரும்போதெல்லாம், வேலிக்கு வெளியே நிற்கிற அது உன்னைப் பார்த்து "வாங்க" என்று சொல்லுமாம். வீட்டுக்காரி விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல். உன் கூட்டாளி ஒருவன் உன்னை வேலியோரம் நிறுத்தி உன் போனில் படம் எடுத்தபோது, அது ஓடிவந்து கம்பிக்குள் கையை விட்டு உன் சட்டையைப் பிடித்துக்கொண்டதாம். அவளும் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றாளாம். அந்தப் படத்தைத்தான் நீ எங்களுக்கு அனுப்பினாய்.

பிறகு நடந்ததை நீ வேகவேகமாகச் சொன்னாய், நான் குறுக்கே பேசிவிடுவேனோ என்பதுபோல. பக்கத்து ஊரில் வெட்டும் துப்பாக்கிச் சூடும் ஆரம்பித்து, பொழுது சாயும் நேரத்தில் சனம் மொத்தமும் முகாமை நோக்கி ஓடி வந்தது. ஒவ்வொருவராகச் சோதித்துத்தான் உள்ளே விடவேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குள் துப்பாக்கிக்காரர்களும் கலந்திருக்கிறார்கள் என்று தெரிந்து, உள்ளே இருக்கும் சனத்தைக் காப்பாற்றக் கேட்டைப் பூட்டச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது. அன்று கேட்டில் நின்றவன் நீ. கூட்டத்துக்கு நடுவில் அந்தப் பொம்பளை பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளையை மட்டுமாவது எடுத்துக்கொள் என்று சாடை காட்டினாள். இதுவரை சொன்ன பிறகு நீ ஆட்டுக்குட்டியைக் கீழே விட்டாய்.

"அது என்னப் பாத்து வாங்கன்னுச்சு ஆத்தா. நான் பூட்டுனேன்."

விடிந்து திறந்தபோது கரிமூட்டை மட்டும் கிடந்ததாம். செத்தவர்களில் அவர்கள் இல்லை. உள்ளே வந்தவர்களிலும் இல்லை. காட்டுப் பக்கம் போனார்கள் என்று சிலர், ஆற்றைத் தாண்டிவிட்டார்கள் என்று சிலர். உன் போன் அந்தக் கலவரத்தில் உடைந்துபோனது. வேறு முகாம்களில் காட்டிக் கேட்பதற்கு ஒரு படம் வேண்டும் என்று, ஊருக்கு வந்து செல்வியின் போனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறாய். செல்வியோ பழைய போனைக் கடையில் கொடுத்து, நீ வரும் சந்தோசத்தில் புதுசு மாற்றிவிட்டாள். ஊர் விலக்கில் வேனை விட்டு இறங்கியவன் அந்தப் பேனரைப் பார்த்தாய். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாய்: "ஒரே ஒரு போட்டோதான் இருந்துச்சு. அதுலயும் அவுகளத் தொடச்சுட்டு புறாவ வச்சுட்டீங்க." உன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நீ கிளம்பிப் போன பிறகு நானும் செல்வியும் அந்தப் பேனர் கடைக்குப் போனோம். நல்ல பையன்தான். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இருக்கிற அறை எல்லாவற்றையும் திறந்து திறந்து தேடினான். பேனர் படம் கிடைத்தது, வெட்டுவதற்கு முந்தின படம் கிடைக்கவில்லை. நீ ஏற்கெனவே வந்து கேட்டபோதும் இதையேதான் சொன்னானாம். வேலை முடிந்ததும் பழையதை அழித்துவிடுவானாம், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் நின்றுபோகுமாம். "பின்னாடி வேலி, ஏழைபாழைங்க மாதிரி யாரோ நின்னாங்கம்மா. நல்ல காரியத்துக்கு வக்கிற பேனரு, நீட்டா இருக்கட்டும்னு எடுத்துட்டேன்" என்றான். அவனை நான் என்ன சொல்ல? கல்யாணப் பேனர்களில் பின்னால் நிற்கும் விதவையை எடுத்துவிடு, கோபித்துக்கொண்ட சித்தப்பனை எடுத்துவிடு என்று சொல்லிச் சொல்லி, அவன் கையை அப்படிப் பழக்கியவர்கள் நாம்தான். விரலை ஏன் விட்டாய் என்று கேட்டேன். அதை எடுத்தால் சட்டை ஓட்டையாகிவிடும் என்றான்.

அந்தப் படத்தை நானும் போனில் பார்த்தவள்தான். பல தடவை பார்த்தேன். இப்போது கண்ணை மூடி யோசித்தால், நீ இளைத்திருந்ததும் கன்னத்தில் தாடி வளர்ந்திருந்ததும் தெரிகிறது. உன் பின்னால் நின்றவளுடைய முகத்தில் எனக்கு ஒரு பொட்டு அளவுகூட நினைவில்லை. கடைக்காரப் பையன் துடைப்பதற்கு முன்னாலேயே என் கண் அவர்களைத் துடைத்திருக்கிறது. கயல் மட்டும்தான் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். "அந்தப் பாப்பாவுக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல அப்பத்தா. அதோட அம்மா நெத்தியில கோடு கோடா தழும்பு இருந்துச்சு, மஞ்சத் துணி போத்தியிருந்துச்சு" என்றாள். அவள் சொன்ன நாளிலிருந்து எனக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் வந்துவிட்டது, சிரிக்கிற ஓட்டைவாய். யாராவது வாசலில் வந்து நின்றால் அவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது. வட்டிக்காசு வாங்க வரும் தண்டல்காரன்கூட ஒரு நாள், "யாரத் தேடுறீங்க, நான் மட்டுந்தான் வந்தேன்" என்றான். அன்றைக்கு உன் கண் என் தோளுக்குப் பின்னால் எங்கே போனது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

பேனரைக் கொட்டகையிலிருந்து இறக்கிவிட்டேன். அந்த விரல் இருக்கிற துண்டை மட்டும் வெட்டி உனக்கு அனுப்பலாம் என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. அந்தப் பிள்ளையை ஒரு தடவை வெட்டியாகிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, முழுசாகச் சுருட்டிப் பரண் மேல் வைத்திருக்கிறேன். ஆடுகளுக்குத் தார்ப்பாய் வாங்கிவிட்டோம்.

நீ அறியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தப் பெரிய புயல் வந்தபோது நீ பட்டாள முகாமில் இருந்தாய், செல்வி சின்னவன் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தாள், நானும் கயலும்தான் வீட்டில். காற்று ஏறத் தொடங்கிய சாயங்காலம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எல்லாரையும் அங்கேதான் தங்கவைக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் லுங்கியும் பனியனுமாக ஒரு ஆள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இடமில்லை, கல்யாண மண்டபத்துக்குப் போங்கள் என்றார். மண்டபம் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். பிள்ளையையாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். விடவில்லை. நான் குனிந்து ஈரமண்ணை வாரி அவர் மேல் தூற்றிவிட்டு வந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதனால்தான் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன் அய்யா. வெளியே நிற்கிறவளுக்கு உத்தரவும் சட்டமும் தெரியாது. பூட்டுகிற கையைத்தான் தெரியும். அந்தப் பொம்பளை உன் மேல் மண் தூற்றியிருந்தால் அது அவளுக்கு நியாயம். உன்னை மன்னித்திருப்பாள் என்று நான் எப்படிச் சொல்வேன், நான் மன்னிக்கவில்லையே.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கூரை ஓடு பறந்தது, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுடச்சுடக் கஞ்சி கொடுத்தார்கள். அந்த ஆளை நான் மறந்தே போனேன். நீ ஆப்பிரிக்காவில் இருந்த சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை சந்தையில் ஒருவர் என் முன்னால் வந்து வழியை மறித்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "ஆத்தா, புயல் அன்னைக்கு அந்தப் பாப்பாவ இழுத்துக்கிட்டு எங்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டார். மண்டபத்துக்குப் போனோம், அவள் இப்போது கபடி விளையாடுகிறாள் என்றேன். "நெசமாவா?" என்றார். மறுபடியும் "நெசமாவா ஆத்தா?" என்றார். பிறகு வாழைத்தார் குவித்திருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைப் போன்ற உயரத்தில், பக்கத்தில் பிள்ளையோடு யார் போனாலும் முன்னால் ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பாராம், இத்தனை வருசமாக. நாங்கள் அவருக்கு மூன்று மைல் தூரத்தில் தின்று, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டு உயிரோடுதான் இருந்தோம். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரை ஒரு ஆளாகவே நான் நினைக்கவில்லை. கேட்டாகத்தான் நினைத்திருந்தேன்.

இதை அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். பெரிய விசயம் என்று படவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அது தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் உன்னைத் தின்கிறது என்பது மட்டும் தெரிகிறது. அதனால் போ. படம் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறது. நெற்றித் தழும்பு, மஞ்சள் துணி, கரி விற்கிறவள், ஓட்டைப்பல் பிள்ளை என்று கேள். பல் இப்போது முளைத்திருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள். கண்டுபிடித்தால் உன் மனசு லேசாவதற்காக அவளிடம் பேசாதே, அவள் மனசில் இருப்பதை முதலில் கேட்டுக்கொள். அவள் திட்டினால் திட்டட்டும். கேட்டு டூட்டி மறுபடி வந்தால் நிற்கத்தான் வேண்டும். உள்ளே இருக்கிற சனமும் சனம்தான். செல்வியிடம் வாரம் ஒரு தடவையாவது முழுசாகப் பேசு. "நல்லாருக்கேன், வைக்கிறேன்" என்பது பேச்சு இல்லை. கயலிடம் மட்டும் நடந்ததை நான் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் அழவில்லை. "அப்பா அந்தப் பாப்பா பேரக் கேட்டாரா அப்பத்தா?" என்றுதான் கேட்டாள். கேட்டிருந்தால் எனக்கு எழுது.

என் மேல் கோபம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும், அதையும் கடிதத்தில் எழுதி அனுப்பு, படித்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று செய் அய்யா. அங்கே போனதும் ஒரு புதுப் போட்டோ எடு. அவர்கள் கிடைத்தால் அவளையும் பிள்ளையையும் முன்னால் நிறுத்தி, நீ பின்னால் நில். நிற்க அவர்களுக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள். கிடைக்காவிட்டால் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும், அந்த வேலியோடு எடு. நீ அதில் இருக்கவேண்டாம். போனில் அனுப்பாதே, போன் மாறிவிடும். ஸ்டூடியோவில் கழுவி, அட்டை வைத்து, தபாலில் போடு. நான் யாரிடமும் கொடுத்து எதையும் எடுக்கச் சொல்லமாட்டேன். வந்தபடியே மாட்டிவைப்பேன்.